உஷார்! ஞாயிறு வகுப்பில் உளவியலாளர் ஆக முடியாது

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த கையோடு திருகோணமலைப் பிள்ளைகளின் கைபேசிகளில் விளம்பரங்கள் வந்து விழத் தொடங்கிவிடும். "உளவியல் டிப்ளோமா, ஆறே மாதம், ஞாயிறு மட்டும். முடித்ததும் நீங்கள் உளவளத்துணையாளர். இன்னும் ஒரு வருடம் படித்தால் லண்டன் பட்டம்." காசு கட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் நகையை அடகு வைத்தாவது முதல் தவணையைக் கட்டிவிட நினைக்கும் பெற்றோருக்குத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் டிப்ளோமா மூன்றாம் மட்டம். அதற்கு 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலப் படிப்பு என்றால் மொத்தம் 1,500 மணித்தியாலம். ஆறு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் 26. நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் வகுப்பு நடந்தாலும் 156தான் வருகிறது. வீட்டில் படிப்பதும் அந்த 1,500க்குள் அடங்கும் என்பது உண்மை. ஆனால் கணக்குச் சரிவர வேண்டுமானால் பிள்ளை வாரத்துக்கு 50 மணித்தியாலத்துக்கு மேல் வீட்டிலிருந்து படிக்க வேண்டும். அப்படிப் படிக்கவைக்கும் ஞாயிறு வகுப்பு எங்கே இருக்கிறது? மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. "ஒரு வருடத்தில் பட்டம்" என்று யாராவது சொன்னால், மிச்ச வருடங்களை எந்தப் படிப்பு ஈடுசெய்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

நம் பிள்ளைகள் இதில் சுலபமாகச் சிக்குவதற்குக் காரணம் இருக்கிறது. உயர்தரத்தில் உளவியல் ஒரு பாடமாக இல்லை. அளவையியலும் விஞ்ஞான முறையும் படித்தவர்களுக்குக்கூட, பட்டப்படிப்பில் உளவியல் என்றால் என்னவென்று தெரிய வழியில்லை. மற்றவர் மனதை வாசிக்கக் கற்பார்கள், ஆறுதல் சொல்லப் பழகுவார்கள் என்று நினைக்கிறோம். உண்மையான பாடத்திட்டத்தில் முதல் வருடத்திலேயே புள்ளிவிபரவியலும் ஆய்வு முறையியலும் வந்து நிற்கும். பிறகு மூளையும் நரம்பு மண்டலமும், நினைவும் சிந்தனையும் பற்றிய அறிகை உளவியல், குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை விருத்தி உளவியல், சமூக உளவியல், ஆளுமை, பிறழ்நிலை உளவியல், தொழில்தளத்து உளவியல், ஒழுக்கக்கோவை, கடைசியில் சொந்தமாக ஓர் ஆய்வு. புள்ளிவிபரவியலும் ஆய்வும் இல்லாத பாடத்திட்டத்தைக் காட்டுபவர்கள் உங்களுக்கு உளவியல் பட்டம் தரவில்லை.

அங்கீகாரம் பற்றிக் கேட்டால் "நாங்கள் பதிவு செய்த நிறுவனம்" என்பார்கள். கம்பனிப் பதிவு வேறு, பட்டம் வழங்கும் உரிமை வேறு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்தால்தான் ஒரு தனியார் நிறுவனம் இங்கே பட்டம் வழங்கலாம். அந்த நிறுவனத்துக்கு முகாமைத்துவப் பட்டத்துக்கு அனுமதி இருக்கலாம், உளவியலுக்கு இல்லாமல் போகலாம். ஆகவே பட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். பிரித்தானியப் பட்டமானால் அந்தக் கற்கைநெறிக்குப் பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா என்றும் பாருங்கள். பின்னாளில் அங்கே போய் உளவியலாளராக விரும்பும் பிள்ளைக்கு அது இல்லாமல் பாதை கடினம்.

எல்லாம் சரியான பட்டமாகவே இருக்கட்டும். அப்போதும் இளமாணிப் பட்டத்தோடு யாரும் சிகிச்சை உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. அதற்கு மேற்பட்டப் படிப்பும், மேற்பார்வையின் கீழ் பயிற்சியும், இலங்கை மருத்துவ சபையின் பதிவும் வேண்டும். இதை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை. ஆனால் "உளவளத்துணையாளர்" என்று ஒருவர் பெயர்ப்பலகை மாட்டினால் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அந்தப் பலகையை நம்பித்தான் துயரத்தில் இருப்பவர்கள் படியேறி வருகிறார்கள்.

இந்த ஊரில் இது சின்ன விஷயமல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரை கரையை அடித்துச் சென்றது. 2006இல் போரால் சம்பூரும் மூதூரும் இடம்பெயர்ந்தன. ஆழிப்பேரலைக்குப் பிறகு, நம் மொழியும் சடங்கும் தெரியாத ஆலோசகர்கள் கூட்டமாக வந்து இறங்கியதை எழுத்தாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியான தன் நூலில் இலங்கைக்கென ஒரு முழு அத்தியாயமே ஒதுக்கி விமர்சித்தார். பேரிழப்பைச் சந்தித்தவரை உட்காரவைத்து ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைப்பது பலன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அரைகுறைப் பயிற்சி பெற்ற ஒருவர் நல்லெண்ணத்தோடு முதலில் செய்வது பெரும்பாலும் அதைத்தான். காணாமல்போன மகனைப் பற்றி ஒரு தாயிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, எப்போது வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்பதை 26 ஞாயிறுகளில் கற்றுவிட முடியாது.

உளவியல் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழில் பேசி, இந்த மண்ணின் துயரத்தை விளங்கிக்கொள்ளும் உளவியலாளர்கள் நமக்குக் கட்டாயம் வேண்டும். திருகோணமலையில் உள்ள கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தின் முக்கிய கற்கைநெறிகள் தொடர்பாடல், வணிகம், கணினி, சித்த மருத்துவம் என்று இருப்பதால் பிள்ளைகள் வெளியே போகத்தான் வேண்டும். பேராதனையில் உளவியலுக்குத் தனித்துறை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் நெடுங்காலமாக உளவியல் கற்பிக்கிறார்கள். இஸட் புள்ளி கைகொடுக்காதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் உளவியல் பட்டம் இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் அது அரச பல்கலைக்கழகத்தின் பட்டம்.

"இன்றைக்கே பதிந்தால் பாதிக் கட்டணம்" என்று அவசரப்படுத்துபவர்களிடம் வர்த்தமானி இலக்கத்தையும் முழுப் பாடத்திட்டத்தையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.