28 நாள் வீடு!

கேரவன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? உள்ளே ஏ.ஸி.யில் ஹீரோ மேக்கப் போட்டுக்கொண்டிருக்க, வெளியே புரொட்யூசர் வெயிலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாரே, அந்த வண்டிதானே? ஸாரி. நான் சொல்லப் போவது அதற்கு ஏழைச் சொந்தக்காரன். எஞ்சின் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். டூரிங் கேரவன் என்று பெயர். இங்கிலாந்தில் லீவு நாட்களில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காகச் செய்த வஸ்து. அதில் நான் பதினாலு மாதம் குடித்தனம் நடத்தினேன். தனிக்குடித்தனம்தான்!

இந்த ஆசையை ஆரம்பித்து வைத்தவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். 1885-ல் பிரிஸ்டலில் ஆர்டர் கொடுத்து ‘வாண்டரர்’ என்று ஒரு வீட்டு வண்டி கட்டி, இரண்டு குதிரை பூட்டி ஸ்காட்லாந்து வரை போனார். கூடவே எடுபிடிக்கு ஆட்கள் வேறு. எனக்கு சமையல்காரன், வண்டிக்காரன், தண்ணி தூக்குகிறவன் எல்லாமே நான்தான்.

ஏன் இந்த விஷப்பரீட்சை? வாடகை சார், வாடகை! டெர்பி பக்கத்தில் என் ஆபீஸ். ஒரு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு மாதம் 750 பவுண்டு. கவுன்சில் வரி, கரண்ட், தண்ணி எல்லாம் சேர்த்தால் 950-ஐத் தொடும். ஊரிலோ தங்கை கல்யாணத்துக்காக அப்பா வீட்டை அடமானம் வைத்திருந்தார். வட்டி மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. 3,200 பவுண்டுக்கு ஒரு பழைய கேரவன் வாங்கிவிட்டேன் என்று போனில் சொன்னபோது அம்மா கேட்டாள்: “ஏண்டா, சர்க்கஸ்ல ஏதாவது சேர்ந்துட்டியா?”

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தவர்களுக்கு இடத்தின் அளவு சட்டென்று புரியும். அந்த மாதிரி ரூம் ஒன்றரை. அதிலேயே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உண்டு. பகலில் சோபா, ராத்திரி படுக்கை. நடுவில் ஒரு மேஜை. அதை மடித்தால்தான் திரும்பிப் படுக்கலாம்.

முதல் நாள் தெரிந்த விஷயம், குழாயைத் திருகினால் தண்ணி வருவது ஒரு ஆடம்பரம் என்பது. வெளியே உருளை மாதிரி ஒரு பீப்பாய், 40 லிட்டர் பிடிக்கும். அதைத் தரையில் உருட்டிக்கொண்டே போய், பண்ணைக் குழாயில் பிடித்து, உருட்டிக்கொண்டே வர வேண்டும். கேரவனில் ஷவர் இருக்கிறது. ஆனால் ரெண்டு குளியலுக்குள் பீப்பாய் காலி. ஆபீஸில் சைக்கிளில் வருகிறவர்களுக்காக ஒரு ஷவர் வைத்திருந்தார்கள். பதினாலு மாதமும் சைக்கிளே இல்லாமல் அதில் குளித்த ஒரே ஆசாமி அடியேன்தான்.

டாய்லெட் சமாசாரத்தைச் சாப்பிடும்போது படிக்காதீர்கள். அடியில் ஒரு பெட்டி. நிரம்பியதும் உருவி எடுத்து, அதற்கென்று இருக்கும் தொட்டியில் கொட்டிக் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பண்ணையில் பார்த்தால், அவரவர் பெட்டியை ஏர்போர்ட்டுக்குப் போகிற மாதிரி இழுத்துக்கொண்டு வருவார்கள். “குட் மார்னிங், நல்ல வெயில் இல்லே?” என்று சாவகாசமாக விசாரிப்பு வேறு. வெள்ளைக்காரன் சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசாத இடமே கிடையாது!

கரண்ட்? பண்ணையில் கொடுத்தது 10 ஆம்பியர். அதாவது சுமார் 2,300 வாட். ஹீட்டர் ஓடும்போது மிக்ஸியைத் தட்டினால் தாங்கும். கெட்டிலைப் போட்டால் டப்! வெளியே டார்ச்சோடு போய் ஸ்விட்சை நிமிர்த்த வேண்டும். இட்லி மாவு புளிக்கவைப்பது தனி வித்தை. ஜனவரியில் மாவுப் பாத்திரத்தை ஹீட்டர் பக்கத்தில் கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்தேன். நான் கோட்டு போட்டுக்கொண்டு தூங்கினேன்.

நம் சமையலுக்கும் கேரவனுக்கும் ஒரு ஜன்மப் பகை உண்டு. ஆவி! குக்கர் நாலு விசில் அடித்தால் ஜன்னல், சுவர், அலமாரிக்குள் தொங்கும் சட்டை எல்லாவற்றிலும் முத்து முத்தாக ஈரம். அப்படியே விட்டால் பூஞ்சை, அப்புறம் சுவருக்குள் மரச்சட்டமே உளுத்துவிடும். எனவே வெளியே பனி கொட்டினாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துத்தான் சாம்பார். குளிருகிறதே என்று தரையிலும் கூரையிலும் இருக்கும் காற்றுத் துவாரங்களை அடைத்துவிடக் கூடாது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழேதான் தேங்கும். அது வெளியே போகத்தான் தரையில் அந்த ஓட்டை. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வண்டிப் பெரியவர். எழுபது வயது. லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவர். வாடகையை ஏற்றியதும் ஃப்ளாட்டை விட்டுவிட்டு, லீவுக்கு வைத்திருந்த கேரவனிலேயே நிரந்தரமாகக் குடியேறியவர். அக்டோபரிலேயே என் சிலிண்டரைப் பார்த்துவிட்டு, “நீலத்தைக் கொடுத்துட்டு சிகப்பு வாங்கிடு தம்பி” என்றார் அவர் பாஷையில். நீலத்தில் இருப்பது பியூட்டேன். ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் அது ஆவியாக மறுத்துவிடும். சிலிண்டர் பாதி நிறைந்திருக்கும், அடுப்பு எரியாது. சிகப்பில் இருக்கும் புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். டிசம்பரில் ஒரு விடிகாலை தண்ணிக் குழாய் கல்லாய் உறைந்திருக்க, காபி மட்டும் கொதித்தது. மனசுக்குள் பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். பண்ணையில் ஒரு ராத்திரிக்கு 14 பவுண்டு, மாதம் 420. காஸ், துணி வெளுக்க லாண்டரி, கேரவனை இழுப்பதால் கூடுதல் பெட்ரோல், முழுநேரம் குடியிருப்பவர்களுக்கான தனி இன்ஷூரன்ஸ் (சாதாரண பாலிசி பொதுவாக இதற்குச் செல்லாது) எல்லாம் சேர்த்து 560. ஆக, மிச்சம் மாதம் 390. முதல் எட்டு மாத மிச்சம் வண்டி விலைக்கே சரியாகப் போயிற்று. கடைசியில் அதை 2,600-க்குத் தள்ளிவிட்டதில்தான் கணக்கு நிமிர்ந்தது. மொத்தத்தில் 4,800 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அடமானம் மீண்டது. ‘கேரவனில் இருந்தால் செலவே இல்லையாமே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதி வாடகையை முதுகால் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

ஆனால் குளிரையும் பீப்பாயையும்விடப் படுத்தியது வேறொன்று. விலாசம்!

கேரவன் நிறுத்தும் இடத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1960-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். அதிலேயே ஒரு விதிவிலக்கு. அங்கீகாரம் பெற்ற கிளப் ஒன்று சான்றிதழ் கொடுத்தால், விவசாயி தன் நிலத்தில் மெம்பர்களின் ஐந்து கேரவன் வரை நிறுத்தலாம். ஒவ்வொன்றும் 28 நாள் வரை. பொழுதுபோக்குக்காக வருகிறவர்களுக்கான ஏற்பாடு அது. 28-ம் நாள் கொக்கியை மாட்டி அடுத்த பண்ணைக்குப் போக வேண்டும். பெரிய பெரிய கேரவன் பார்க்குகள் பலவற்றில் “உங்கள் வீட்டு விலாசம்?” என்பதுதான் முதல் கேள்வி. “இதுதான் வீடு” என்றால் இடம் கிடையாது.

டாக்டரிடம் பதிவு செய்ய விலாச அத்தாட்சி கட்டாயமில்லை. நிலையான விலாசம் இல்லாதவர்கள்கூட, இந்த ஊரோடு தொடர்பு உண்டு என்று எழுதிக் கொடுத்து ஓட்டுரிமை பெறலாம். (காமன்வெல்த் பிரஜை என்பதால் நமக்கும் அங்கே ஓட்டு உண்டு, தெரியுமோ?) சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் பாங்க் லெட்டர், ஆஸ்பத்திரி லெட்டர் எல்லாம் எங்கேயாவது ஒரு கதவுக்கு வந்தாக வேண்டுமே! நான் ஆபீஸ் நண்பர் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தேன். பெரியவர் மகள் வீட்டைக் கொடுத்திருந்தார்.

அவருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்குத் தேதி குறித்து லெட்டர் வந்திருக்கிறது. மகள் லீவில் வெளிநாடு போயிருந்தாள். திரும்பி வந்து பிரித்துப் பார்க்கும்போது தேதி போய்விட்டது. வரவில்லை என்று பெயரை எடுத்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து டாக்டர், சிபாரிசு, வரிசை. மனுஷர் திட்டக்கூட இல்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, “எனக்கு இப்பல்லாம் எதிரே வர்ற வண்டியோட லைட்டு பூ மாதிரி விரியுது” என்றார். அன்றைக்கே கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்.

மூன்று நாளில் அவருக்கு 28 ஆகப் போகிறது! வண்டியை யார் இழுப்பது?

நான்தான். 2021 டிசம்பரில் விதி மாறியதிலிருந்து சாதாரண கார் லைசென்ஸே போதும், 3,500 கிலோ வரை இழுக்கலாம். முதலில் அவருடையதை இழுத்துக்கொண்டு போய் அடுத்த பண்ணையில் விட்டேன். ரிவர்ஸில் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் கேரவன் வலது பக்கம் போகும். அவர் கீழே நின்று, எனக்கு ஏதோ லாரி என்று நினைப்பு போல, கையை ஆட்டி ஆட்டி வழி சொன்னார். அப்புறம் திரும்பிப் போய் என் வண்டி. குளிர்காலம் முழுக்க மாதா மாதம் இப்படி இரட்டை நடை.

டாக்டரிடம் விலாசத்தை மாற்றி, நண்பர் வீட்டையே அவருக்கும் கொடுத்தோம். நண்பரின் மனைவி ஒரு லெட்டர் விடாமல் படம் எடுத்து அனுப்புவார். பிப்ரவரியில் வந்தது: மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழரைக்கு ஆஜராகவும். முதல் நாள் ராத்திரியே கொக்கியைக் கழற்றி வைத்தேன். விடிகாலை ஐந்தரைக்கு நான் கதவைத் தட்டப் போனபோது, அவர் ஷேவ் செய்து, டை கட்டி, வாசலில் நின்றுகொண்டிருந்தார்.