உரிமம் இல்லாத அதிமனிதன்: மாலேகாவ் காணொளிப்படமும் கதைமாந்தர் உரிமையும்

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, காணொளிப்படம், பகடி, பதிப்புரிமை, மாலேகாவ்

தமிழில் அறிவியல் புனைவுத் திரைப்பட வரலாற்றை 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’யிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வரலாறு பெரும்பாலும் திரையரங்கு வெளியீடுகளையே கணக்கில் கொள்கிறது. 1980களில் உத்திரமேரூர் போன்ற ஊர்களில்கூட வாடகை ‘டெக்’கும் தொலைக்காட்சிப் பெட்டியும் படம் பார்க்கும் முறையை மாற்றின. ஒளிநாடா பார்ப்பதற்கு மட்டுமன்றிப் படம் ஆக்குவதற்கும் உதவும் என்பதற்கு மகாராட்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தைச் சார்ந்த மாலேகாவ் தக்க சான்றாகும்.

விசைத்தறித் தொழிலாளர் நிறைந்த அவ்வூரில் காணொளிக் கொட்டகை நடத்திவந்தவர் நாசிர் ஷேக். ‘ஷோலே’ படத்தைப் பகடி செய்து ‘மாலேகாவ் கே ஷோலே’ என்ற படத்தை 2000இல் எடுத்தார். பின்னர் அவர் கைக்கொண்டது சூப்பர்மேன் கதை. அதன் படப்பிடிப்பை ஃபைஸா அகமது கான் ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்’ (2008) என்னும் ஆவணப்படமாகப் பதிவு செய்துள்ளார்.

அறிவியல் புனைவுக்குப் பெருஞ்செலவு இன்றியமையாதது என்னும் எண்ணத்தை இப்படப்பிடிப்பு கேள்விக்கு உள்ளாக்குகிறது. நாயகன் பறப்பதற்குப் பச்சைத் துணிப் பின்னணியும் கணினியும் போதுமாயின. மிதிவண்டி படக்கருவியை நகர்த்தும் தள்ளுவண்டியாயிற்று, மாட்டுவண்டி பாரந்தூக்கியாயிற்று. நாயகனாக நடித்த ஷஃபீக் மெலிந்த உடலினரான விசைத்தறித் தொழிலாளி. மூலத்தில் ஆற்றலின் குறியீடாக அமைந்த உடை, இங்கே நாடா தொங்கும் அரைக்காற்சட்டையாகிறது. இதனைப் பொருளின்மையால் நேர்ந்த குறை என்று கொள்வது பொருந்தாது. வேற்றுக்கோளிலிருந்து வந்த வீரன் மாலேகாவின் அழுக்கையும் புகையிலைப் பழக்கத்தையும் எதிர்க்கிறான் என்னும்போது, அவன் அவ்வூர்க்காரன் போலவே தோன்றுவதுதான் பகடியின் உயிர். ஷஃபீக் 2011இல் வாய்ப்புற்றுநோயால் இறந்தார் என்பதை அறிந்தபின் அக்காட்சிகளை நகைச்சுவையாக மட்டும் காண இயலவில்லை.

சட்டத்தின் பார்வை வேறு. சூப்பர்மேன் டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் உடைமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), 52ஆம் பிரிவில் திறனாய்வுக்கும் மதிப்புரைக்கும் விலக்கு அளிக்கிறது; பகடி தனியே பெயர் சுட்டப்படவில்லை. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம், கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதன் வெளிப்பாட்டுக்கே உண்டு என வரையறுத்தது. பறக்கும் வீரன் என்பது கருத்து. ஆனால் நாசிர் ஷேக் பெயரையும் உடையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். எனவே அத்தீர்ப்பும் அவருக்கு முழு அரணாகாது.

பிரித்தானியாவில் இச்சிக்கலுக்கு வேறொரு வழி கிடைத்தது. ‘டாக்டர் ஹூ’ தொடரின் உரிமை பிபிசியிடம் இருந்தது; எனினும் அதற்கு எழுதியவர்கள் தாம் படைத்த சில உயிரினங்கள், துணைமாந்தர்கள் மீதான உரிமையைத் தம்மிடமே வைத்திருந்தனர். ரீல்டைம் பிக்சர்ஸ் என்னும் சிறு நிறுவனம் இந்த இடைவெளியைப் பயன்படுத்தியது. நாயகனாகிய டாக்டர் இல்லாமலே, துணைமாந்தரைக் கொண்டு ‘வார்டைம்’ (1987) என்ற காணொளிப்படத்தை வெளியிட்டது. தொடர் 1989இல் நின்றபின், எட்டி என்னும் உயிரினத்தை மையமாகக் கொண்டு ‘டவுன்டைம்’ (1995) வந்தது. உரிமை பற்றிய கட்டுப்பாடே இப்படங்களின் கதையமைப்பை வகுத்தது எனலாம். டாக்டரைக் காட்ட முடியாமையால் ஓரத்தில் நின்றவர்கள் நடுவுக்கு வந்தனர்.

‘டவுன்டைம்’ படத்திற்காக மார்க் பிளாட் படைத்த கேட் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் என்னும் பாத்திரம் 2012இல் பிபிசியின் தொடருக்குள்ளேயே இடம்பெற்றது. மாலேகாவ் அதிமனிதனுக்கு அவ்வாறான நுழைவு வாய்க்கவில்லை. 2025இல் திரையரங்குகளுக்கு வந்தது ரீமா காக்தி இயக்கிய ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்’. அது அப்படங்களை எடுத்தவர்களின் கதை.