விழித்திரை வளர்ச்சியில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள்: விழித்திரைப் புற்றும் சீரச் சோதனையும்

திறவுச்சொற்கள்: மைக்ரோ ஆர்.என்.ஏ., விழித்திரை, டைசர், ரெட்டினோபிளாஸ்டோமா, சீரம்

முன்னுரை

உடலில் கட்டி தோன்றினால் அதிலிருந்து சிறு துணுக்கை எடுத்து ஆராய்ந்து நோயை உறுதி செய்வது மருத்துவ வழக்கம். குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய்க்கு இவ்வழக்கம் பொருந்துவதில்லை. ஊசி சென்று மீளும் பாதை வழியே புற்றுச் செல்கள் கண்ணுக்கு வெளியே பரவக்கூடும் என்பதால் திசு ஆய்வு பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. கட்டியைத் தொடாமல் இரத்தத்தைக் கொண்டே அதன் இருப்பை அறிய இயலுமா என்னும் வினாவைச் சென்னை சங்கர நேத்ராலயாவைச் சார்ந்த எஸ். கிருஷ்ணகுமார் குழுவினர் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் துணையுடன் ஆராய்ந்தனர். அதன் முடிவுகளை மதிப்பிட, இயல்பான விழித்திரையில் இம்மூலக்கூறுகள் ஆற்றும் பணியை முதலில் அறிதல் வேண்டும்.

விழித்திரையின் காலக்கணக்கு

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள் கொண்ட சிறு இழை. அது புரதத்தை உருவாக்குவதில்லை, தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது. முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. 1993இல் ஒரு சிறு புழுவில் கண்டறியப்பட்டது. விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. தம்மம்பட்டி மரச்சிற்பி வேண்டாத மரத்தை நீக்கி உருவத்தை வெளிக்கொணர்வது போன்றதே இதன் பணி எனலாம். எனினும் இவ்வுவமை ஓரளவே பொருந்தும். உளி நீக்கிய மரம் மீள்வதில்லை, மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் அடக்கமோ அளவில் சிறியது, மீளக்கூடியது.

கருவில் விழித்திரைச் செல்கள் ஓர் ஒழுங்கில் பிறக்கின்றன. நரம்புத்திரள் செல்கள் முதலிலும், இருமுனைச் செல்களும் முல்லர் செல்களும் இறுதியிலும் தோன்றும். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை முதிர்விக்கும் டைசர் நொதியை எலியின் வளரும் விழித்திரையிலிருந்து நீக்கியபோது இவ்வொழுங்கு குலைந்தது. முன்னோடிச் செல்கள் நரம்புத்திரள் செல்களையே மிகுதியாக உருவாக்கின. பிந்தைய வகைகளுக்குச் செல்லவில்லை. லெட்-7, மிர்-9, மிர்-125 ஆகியவையே இக்காலமாற்றத்தை நிகழ்த்துபவை என 2013இல் லா டோரே, ஜார்ஜி, ரே ஆகியோர் காட்டினர். வளர்ச்சி முடிந்த பின்னும் பணி ஓய்வதில்லை. மிர்-183, 96, 182 தொகுதியின் அளவு ஒளியில் கூடி இருளில் குறைகிறது; எலியில் இத்தொகுதியைச் செயலிழக்கச் செய்தால் விழித்திரை நலிவுறுகிறது.

புற்றில் நிகழும் பிறழ்வு

எந்தச் செல் எப்போது பிரிவதை நிறுத்த வேண்டும் என்பதே இங்கு அடிப்படை. ஆர்.பி.1 மரபணுவின் இரு படிகளும் செயலிழக்கும்போது பெரும்பாலான ரெட்டினோபிளாஸ்டோமா தொடங்குகிறது. அக்கட்டியில் மிர்-17-92 என்னும் ஆறு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் தொகுதி மிகுந்து காணப்படுகிறது. ஆர்.பி.1 அமைந்த 13ஆம் குரோமோசோமிலேயே இத்தொகுதியும் அமைந்துள்ளது என்பது இவ்விடத்தில் குறிக்கத்தக்கது. இத்தொகுதியைத் தடுக்கும் மூலக்கூறுகளைப் புற்றுச் செல் வளர்ப்பில் செலுத்தியபோது செல்பெருக்கம் குறைந்ததைச் சென்னைக் குழு 2012இல் வெளியிட்டது.

2013இல் வெளியான அடுத்த ஆய்வு சீரத்தை நோக்கியது. முற்றிய நோயுடைய குழந்தைகளின் 14 சீர மாதிரிகள் ஒன்றுசேர்க்கப்பட்டு, ஒத்த வயதுடைய நலமான குழந்தைகளின் 14 மாதிரிகளுடன் ஒப்பிடப்பட்டன. 21 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் உயர்ந்தும் 24 தாழ்ந்தும் இருந்தன. கட்டியில் மாறுபட்டவையாக அறியப்பட்ட 59இல் 33, சீரத்திலும் அதே போக்கைக் காட்டின. 20 நோயாளிகளின் சீரத்தில் மேற்கொண்ட சரிபார்ப்பில் மிர்-17, மிர்-18ஏ, மிர்-20ஏ ஆகியவற்றின் உயர்வு உறுதியாயிற்று.

ஐயங்கள்

இம்முடிவு நம்பிக்கை தருவதே. எனினும் நோயறியும் கருவியாக இதனை ஏற்க இன்னும் தொலைவுண்டு. ஆராயப்பட்டவை முற்றிய நிலையினரின் மாதிரிகள். அந்நிலையைக் கண்மருத்துவர் கருவிவழி நோக்கியே அறிவார். சீரச் சோதனையின் உண்மைத் தேவை தொடக்கநிலையிலும், சிகிச்சைக்குப் பின் நோய் மீள்கிறதா எனக் கண்காணிப்பதிலுமே உள்ளது. மாதிரிகளை ஒன்றுசேர்த்து அளக்கும்போது தனிக் குழந்தைகளுக்கிடையிலான வேறுபாடும் மறைகிறது. மேலும் மிர்-17-92 விழித்திரைக்கே உரியதன்று. நிணநீர்ப் புற்றிலும் அது மிகுகிறது.

இரத்தமே மற்றொரு இடர். அத்தொகுதியைச் சேர்ந்த மிர்-92ஏ சிவப்பணுக்களில் நிறைந்துள்ளது. மிர்-16, மிர்-451 ஆகியவையும் அவ்வாறே. குழாயில் சிவப்பணுக்கள் சிதைந்தால் இவை சீரத்தில் கலந்து, இல்லாத உயர்வைக் காட்டும். இச்சோதனை பயன்பாட்டிற்கு வருமாயின் மிகுதியும் பயனடைவோர் தம்மம்பட்டி போன்ற, பெருநகர்க் கண் மருத்துவமனைகளுக்குத் தொலைவிலுள்ள ஊரினர். குழந்தைக்கு மாறாக இரத்தக் குழாய் பயணம் செய்யலாம். ஆனால் பேருந்துப் பயணத்தில் குலுங்கி, வெயிலில் காத்திருந்து சென்னை சேரும் முழு இரத்தத்தில் மேற்கண்ட பிழை நேரும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் சீரத்தைப் பிரித்துக் குளிரூட்டும் பணி ஆத்தூரிலோ சேலத்திலோ, இரத்தம் எடுத்த சில மணி நேரத்திற்குள் முடிதல் வேண்டும். சிதைவின் அளவும் ஒவ்வொரு மாதிரியிலும் பதியப்பட வேண்டும். அதுவரை கண்மணியில் வெண்மை தெரியும் குழந்தைக்கு உடனடிக் கண் பரிசோதனையே வழி. எந்த இரத்தச் சோதனைக்காகவும் அதனைத் தள்ளிப்போடுதல் கூடாது.