உங்களுக்குத் தெரியுமா? வாதாடக் கற்பவர்களுக்கு ஒரு சமரசப் பாடம்

● சட்டக் கல்லூரிகளில் சமரசம் இப்போது விருப்பப் பாடம் அல்ல. மூன்றாண்டு, ஐந்தாண்டுப் படிப்புகள் இரண்டிலும் 2020-21 கல்வியாண்டு முதல் அதைக் கட்டாயமாக்கச் சொல்லிவிட்டது இந்திய பார் கவுன்சில். மற்ற தாள்களில் எதிராளியை மடக்கக் கற்கும் மாணவர், இந்தத் தாளில் வாயை மூடிக்கொண்டு கேட்கக் கற்க வேண்டும். சொல்லப்போனால் இதுதான் கஷ்டமான தாள்.

● ஆர்பிட்ரேஷனில் நடுவர் தீர்ப்புச் சொல்வார், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். சமரசர் தீர்ப்பே சொல்ல மாட்டார். முடிவு கட்சிக்காரர்கள் கையில். மிரட்டிக் கையெழுத்து வாங்கும் கட்டப்பஞ்சாயத்தோடு இதைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் கவனிக்க!

● வகுப்பில் இதை நடித்துத்தான் பழகுகிறார்கள். பூர்வீக வீட்டுக்கு அண்ணன் தம்பி சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு ரகசியத் தாள். ‘வீடு வேண்டாம், வாசலில் இருக்கும் மளிகைக் கடை கைவிட்டுப் போகக் கூடாது’ என்று அண்ணன் தாளில் இருக்கும். தம்பி தாளில், ‘மகள் கல்யாணம் இந்த வீட்டில்தான் நடக்க வேண்டும்’. சமரசராக உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு இரண்டும் தெரியாது. கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். கூட்டாக உட்கார்ந்தால் இருவரும் முறைத்துக்கொண்டிருப்பார்கள். தனித்தனியாக அழைத்துப் பேசும்போதுதான் மனசு திறக்கும். புதுசாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் வாரிசுரிமைச் சட்டத்தை எடுத்து வீசுவார்கள். வேலைக்கு ஆகாது.

● இந்தப் பாடத்தில் தவறாமல் வரும் கதை, அமெரிக்கச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் சொன்னது. ஹார்வர்டு நூலகத்தின் ஒரு சின்ன அறை. ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கோ மூடியிருக்க வேண்டும். கடைசியில் ஆள் இல்லாத பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று வந்தது, வாடைக்காற்று இவர் மேல் நேராக அடிக்கவில்லை. பாதி திறந்து பாதி மூடியிருந்தால் இருவருக்குமே நஷ்டம்தான்.

● ‘எல்லா வழக்குக்கும் ஒரே கதவு எதற்கு?’ என்ற யோசனையை 1976-இல் முன்வைத்தவர் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஃபிராங்க் சாண்டர். சமரசம், ஆர்பிட்ரேஷன், விசாரணை என்று வழக்குக்கு ஏற்ற கதவைக் காட்டும் நீதிமன்றம் வேண்டும் என்றார்.

● நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதன்முதலில் தொடங்கியது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005 ஏப்ரல் 9-இல். அயோத்தி வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த சமரசக் குழுவின் மூவரும் (நீதிபதி கலிஃபுல்லா, ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர், வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு) தமிழ்நாட்டோடு தொடர்புடையவர்கள். அங்கே சமரசம் கைகூடவில்லை என்பது வேறு விஷயம்.

● சட்டத்திலேயே பிழை! சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவில் ‘சமரசம்’, ‘நீதிமன்றம் வழித் தீர்வு’ இரண்டின் விளக்கங்களும் இடம் மாறிக் கிடந்தன. 2010-இல் ஆஃப்கான்ஸ் வழக்கில், மாற்றிப் படியுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

● சமரச அறையில் பேசியது அறையோடு சரி. பேச்சு முறிந்தால், ‘உடன்பாடு ஏற்படவில்லை’ என்று மட்டுமே சமரசர் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். யார் இறங்கி வந்தார், யார் முரண்டு பிடித்தார் என்று எழுதக் கூடாது.

● 2023-இல் வந்த சமரசச் சட்டம் சமரசப் பேச்சை முடிக்க 120 நாள் கெடு வைக்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் 60 நாள். ஆனால் எல்லாப் பிரிவுகளும் ஒரே நேரத்தில் அமலுக்கு வரவில்லை. சட்டம் போடுவதில் உள்ள வேகம் நடைமுறைக்குக் கொண்டுவருவதில் இல்லை.

● சமரச மையத்தில் வழக்கு முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இரு தரப்பும் வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது தமிழ்நாட்டு வழக்கு. கட்டணத்தைத் திருப்பித் தருவதை எதிர்த்து டெல்லிவரை போனது சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகமேதான்! உங்கள் வழக்கு ராஜியில் முடிகிறதென்றால், கட்டணத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடச் சொல்லி வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள்.