தேய்ந்த டயர் சொன்ன கதை

புத்தம்புது பொம்மை ஜீப்பை யாராவது வேண்டுமென்றே ரோட்டில் இழுத்துத் தேய்ப்பார்களா?

அமெரிக்காவில் ஒருவர் தேய்த்தார். மார்க் ஹோகன்கேம்ப். நியூயார்க் மாநிலத்துக்காரர். 2000-ஆம் ஆண்டு சிலர் அவரைக் கொடூரமாகத் தாக்கியதில், பழைய நினைவுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. மனதைத் தேற்றிக்கொள்ள அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு குட்டி ஊரைக் கட்டினார். மார்வென்கால் என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

இரண்டாம் உலகப் போர்க்கால பெல்ஜியத்தில் இருப்பதாகக் கற்பனை செய்த ஊர் அது. ஓரடி உயரப் பொம்மைகள்தான் அங்கே சிப்பாய்கள், ஊர்க்காரர்கள். அவர்களுடைய காதலையும் சண்டையையும் படம் படமாக எடுத்துக் கதை சொன்னார். ஜீப்பைச் சாலையோரமாக இழுத்துக்கொண்டு நடந்ததும் அந்தப் படங்களுக்காகத்தான். டயர் தேய்ந்திருந்தால்தானே போர்முனைக்குப் போய்வந்த வண்டி என்று நம்புவோம்!

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பொம்மைகளை வைத்துப் படமெடுக்கிறார்களா? கேமராவைப் பொம்மையின் கண் உயரத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். அதன் சட்டையில் கொஞ்சம் புழுதி ஒட்டியிருந்தால், தட்டிவிடாதீர்கள்!