உஷார்! வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டுவதற்கு முன் வேகத்தை அளந்துவிடுங்கள்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் பெட்டியைச் சுவரில் மாட்டி முடித்ததும் தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டுவார். முள் சரசரவென்று ஏறி 100ஐத் தொடும். "பாத்தீங்களா சார், ஃபுல் ஸ்பீடு!" அந்த உற்சாகத்திலேயே பலர் ஆறு மாதப் பணத்தையோ வருடப் பணத்தையோ அங்கேயே ஜிபே செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து அன்றைக்கு அதைச் செய்யாதீர்கள். மாவட்டத் தலைநகரங்களிலும் சிறு நகரங்களிலும் கேபிள் டி.வி. ஆபரேட்டர் வழியாக வரும் இணைப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். பணம் கைமாறிய பிறகு நீங்கள் பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

இணைப்பு கொடுக்க வருகிறவர் பெரும்பாலும் பகல் வேளையில் வருவார். தெருவில் பாதிப் பேர் வேலையில், பிள்ளைகள் பள்ளியில். அப்போது வேகம் கிடைக்கத்தான் செய்யும். இரவு எட்டு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் சீரியலும் கிரிக்கெட்டும் ரீல்ஸும் ஒரே சமயத்தில் ஓடும்போது என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. ஜிபான் எனப்படும் வழக்கமான ஃபைபர் அமைப்பில் ஒரே இழை சுமார் 2.5 கிகாபிட் வேகத்தைச் சுமந்து வந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. இழை அவ்வளவு எளிதில் திணறாது. அந்த ஆபரேட்டர் மேலே இருந்து எவ்வளவு அலைவரிசை வாங்கி, அதை எத்தனை வீடுகளுக்கு விற்றிருக்கிறார் என்பதில்தான் சிக்கல். இப்படிப் பகிர்ந்து விற்பது சட்டவிரோதமும் இல்லை. வீட்டு பிராட்பேண்டில் 50 பேர் வரை ஒரே அளவைப் பகிரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலே இடம் கொடுத்தது. விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் 'வரை' என்ற சொல் இருக்கும். ஆகவே இரவு ஒன்பது, பத்து மணிக்கு, அதிலும் ஞாயிற்றுக்கிழமையில், ஒரு வாரமாவது அளந்து பாருங்கள்.

அளக்கும் கருவியும் ஏமாற்றும். ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் தானாகவே பக்கத்து சர்வரைத் தேர்ந்தெடுக்கும். அது பல நேரம் உங்கள் ஆபரேட்டரின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அப்போது அளக்கப்படுவது உங்கள் வீட்டுக்கும் அவருடைய அலுவலகத்துக்கும் இடையே உள்ள வேகம் மட்டும்தான். சர்வர் பட்டியலைத் திறந்து மும்பை, சிங்கப்பூர் என்று வெளியூர் சர்வர்களை நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளப்பதற்குப் பதிலாக 'சிங்கிள்' என்ற தேர்வையும் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய கோப்பை இறக்கும்போது நடப்பதற்கு அதுவே நெருக்கம். "யூடியூப் நல்லாத்தானே ஓடுது?" என்று ஆபரேட்டர் கேட்டால் அதையும் ஆதாரமாக ஏற்காதீர்கள். கூகுளும் நெட்ஃப்ளிக்ஸும் தங்கள் வீடியோக்களைச் சேமித்து வைத்த பெட்டிகளை இணைய நிறுவனங்களின் வளாகத்திலேயே நிறுவுகின்றன. வீடியோ பக்கத்திலிருந்து வந்துவிடும். வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்க்கிற மகளின் விபிஎன்தான் அறுந்து அறுந்து போகும்.

ஆபரேட்டர் மேல் பாயும் முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள், ஏனென்றால் அவர் முதலில் சொல்லப்போவது "உங்க வைஃபைதான் சார் பிராப்ளம்" என்பதே. சில சமயம் அது உண்மையும்கூட. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய ரவுட்டர் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். லேப்டாப்பை லேன் கேபிளால் பெட்டியில் நேரடியாகச் செருகி, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்தால் அந்தச் சாக்குக்கு இடமே இருக்காது. 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறவர்கள் இங்கே குறிப்பாக உஷாராக இருக்க வேண்டும். எண் 94ஐத் தாண்டாமல் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தாங்காத போர்ட் உள்ள மலிவான பெட்டியையோ, எட்டுக்குப் பதில் நான்கு கம்பி மட்டும் இணைத்த கேபிளையோ உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெட்டி இருக்கும்வரை நீங்கள் மேலே கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் வீண். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், விடாதீர்கள்.

கோப்பு இறங்கும் வேகம் வினாடிக்கு 12 மெகாபைட் என்று தெரிந்தால் பதற வேண்டாம். 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்தான்.

'அன்லிமிடெட்' என்பதற்கும் வரம்பு உண்டு. குறிப்பிட்ட ஜிபி தாண்டியதும் வேகம் குறைக்கப்படும். அந்த வரம்பு எவ்வளவு, அதன் பிறகு வேகம் எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று டிராய் 2016 அக்டோபரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. வாய்மொழியாகச் சொன்னால் போதாது, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் விளக்கப்படி குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். 100க்குப் பணம் வாங்கிக்கொண்டு மாதக் கடைசியில் 2 கொடுத்தாலும் 'பிராட்பேண்ட் தருகிறோம்' என்று சொல்ல முடியும் என்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ரசீது இல்லாத இணைப்புகளைப் பார்த்துத்தான். பணம் தனிநபரின் போன் எண்ணுக்குப் போகிறது, பில் என்று ஒன்று வருவதே இல்லை. உங்கள் கேபிள்காரர் பெரும்பாலும் முகவர்தான். உரிமம் வேறொரு நிறுவனத்திடம் இருக்கும். அந்த நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டியும் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். குறை இருந்தால் அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணில் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. அங்கே போய் நிற்கும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியவை அந்த பில், புகார் எண், தேதியும் நேரமும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டுகள்.