கொள்கை வேறு, கோரிக்கை ஒன்று: கொடிமலை தரும் சான்று

கூட்டணி என்றதும் மாணவர்கள் தேர்தலைத்தான் எழுதுவாங்க. ஆனால், நிறுவனங்களின் செல்வாக்கை எதிர்த்தும் கூட்டணிகள் அமைவதுண்டு.

“பொதுச்சொத்தை அரசு காக்க வேண்டும்” என்பார் முற்போக்குவாதி. “அரசு யாருக்கும் சலுகை தரக்கூடாது” என்பார் தனிமனிதச் சுதந்திரவாதி. பொதுச்சொத்து ஒரு நிறுவனத்தின் கைக்குப் போகும்போது இருவரும் ஒரே பக்கம் நிற்கலாம்.

இப்படி வேறுபட்டவர்கள் சேர்ந்ததற்கு நம்ம ஊரிலேயே சான்று இருக்கு. 1990-இல் கொடிமலையில் ஹோட்டல், கோல்ஃப் திடல் முதலியவற்றை அமைக்கத் தனியார் நிறுவனம் ஒன்றுடன் மாநில அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அந்த மலை தீவின் நீர்ப்பிடிப்புப் பகுதி. காடு அழிந்தால் மண் சரியும், ஓடை கலங்கும்.

பயனீட்டாளர் உரிமை பேசும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சுற்றுச்சூழலுக்குக் குரல் கொடுக்கும் சஹாபாட் ஆலாம் மலேசியா, இயற்கை ஆர்வலர்களின் மலேசிய இயற்கைக் கழகம், ஜனநாயக உரிமை பேசும் அலிரான் ஆகியவை ‘பினாங்கு மலை நண்பர்கள்’ என ஒன்றிணைந்தன. இவை மேலே சொன்ன இரு முகாம்கள் அல்ல. ஆனால் சேர்ந்த விதம் அதுவே. ஒவ்வொன்றும் தன் கொள்கையை விடவில்லை. மலையைக் காப்பதே பொதுக் கோரிக்கை. 1991-இல் சுற்றுச்சூழல் இலாகா அத்திட்டத்தின் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை நிராகரித்தது.

மாணவர்களே, கட்டுரையில் ‘ஒற்றுமையே பலம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. யார் சேர்ந்தார்கள், எதில் வேறுபட்டார்கள், எந்தக் கோரிக்கையில் இணைந்தார்கள் என்று காட்டுங்க. கருத்து, விளக்கம், சான்று மூன்றும் அதில் அடங்கிவிடும்.